இத்தாலிய மொழியிற் ‘போதல்’ வினை

பிறமொழி கற்பார்க்குப் பெயர்ச்சொற்கள் விரைவிற் கைவரும். வினைச்சொற்களே காலங் கொள்ளும். அவ்வினைகளுள்ளும் பொதுவிதிக்கு அடங்காது நிற்பன சில உள. இத்தாலிய மொழியைப் புதிதாகக் கற்போர் தொடக்கத்திலேயே அத்தகைய வினையொன்றை எதிர்கொள்வர். ‘போதல்’ என்னும் பொருளுடைய ‘அந்தாரே’ என்பதே அது. ‘நான் போகிறேன்’ என்பதற்கு ‘வாதோ’ என்றும், ‘நாம் போகிறோம்’ என்பதற்கு ‘அந்தியாமோ’ என்றும் அம்மொழியார் கூறுவர். காலம் ஒன்றே, வினையும் ஒன்றே, பகுதிகளோ வெவ்வேறு. தோழனொருவனைப் ‘போ’ என ஏவுமிடத்து அவர்கள் சொல்லுஞ் சொல் ‘வா’ என ஒலிக்கும். ‘அவன் போனான்’ என்பதற்குரிய வடிவம் ‘அந்தோ’ என்பதாம். இவற்றை முதன்முறை கேட்குந் தமிழ் மாணாக்கன் திகைத்தல் இயல்பே. ஆயினும், பகுபத இலக்கணத்தை ஒருமுறை முறையாகக் கற்றவனுக்கு இவ்வினையின் உள்ளொழுங்கு எளிதிற் புலனாகும்.

இம்முயற்சி வெறும் பொழுதுபோக்கன்று. இத்தாலியருக்கும் நம் நாட்டுக்கும் இடையேயுள்ள மொழித் தொடர்பு பழையது. இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்த வீரமாமுனிவர் தமிழ் கற்றுத் தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் இயற்றினார். பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. 19ஆம் நூற்றாண்டிற் கொழும்புக் கத்தோலிக்க திருச்சபையின் தலைமையை வகித்த சில்லானி முதலிய ஆயர்கள் இத்தாலியத் துறவிகளே. கொட்டாஞ்சேனையின் சாந்த லூசியாள் பேராலயம் தாங்கி நிற்பதும் சிசிலித் தீவின் புனிதையொருத்தியின் பெயரையே. அன்று அவர்கள் இங்கு வந்து நம் வினைகளைக் கற்றனர். பின்னர் இலங்கையர் பல்லாயிரவர் இத்தாலி சென்று அவர்தம் வினைகளைக் கற்கலாயினர். சிசிலியின் தலைநகராகிய பலெர்மோவில் ஈழத்தமிழர் பலர் வாழ்கின்றனர். அந்நகரின் காவற்றெய்வமாகப் போற்றப்படும் புனித ரொசாலியாவின் மலைக்கோயிலுக்குச் சைவத் தமிழரும் ஏறிச்சென்று வழிபடுவர். 2010ஆம் ஆண்டின் ஆணைப்படி நீண்டகால வதிவிட அனுமதி வேண்டுவோர் ‘ஏ-2’ என்னும் நிலையிலும், 2018ஆம் ஆண்டின் சட்டப்படி குடியுரிமை வேண்டுவோர் ‘பி-1’ என்னும் நிலையிலும் இத்தாலிய மொழியறிவை மெய்ப்பித்தல் வேண்டும். ஆகவே ஒரு வினையின் திரிபுகள் ஒரு குடும்பத்தின் வாழ்வோடு தொடர்புடையனவாகின்றன.

தமிழிலும் சிங்களத்திலும் உள்ள முன்மாதிரி

நன்னூலார் வினைப்பகுதிகளுக்கு 23 வாய்பாடுகள் காட்டினார். அவற்றுள் ‘வா’, ‘போ’ என்பன இரண்டும் அடங்கும். ‘வந்தனன்’ என்னுஞ் சொல்லைப் பிரிக்கும் மாணாக்கன், ‘வா’ பகுதி என்றும், அது ‘வ’ எனக் குறுகியது விகாரம் என்றும், தகரம் இடைநிலை என்றும், அதன் முன் வந்த தகரம் சந்தி என்றும், அது நகரமானது விகாரம் என்றும், ‘அன்’ சாரியை என்றும், இறுதி ‘அன்’ ஆண்பால் விகுதி என்றுங் கூறுவான். ‘வருகிறான்’ என்புழி ‘வரு’ என்றும், ‘வாரான்’ என்புழி ‘வார்’ என்றும் அப்பகுதியே வேறுபட்டு நிற்கும். தமிழன் இவற்றை ஒழுங்கின்மை என எண்ணுவதில்லை; பிறந்தநாள் முதல் கேட்டுப் பழகியமையே காரணம்.

ஆயினும் ‘வா’ என்பதன் வேறுபாடு ஒரே பகுதியின் திரிபு. ‘அந்தாரே’ என்பதிலோ இரு வேறு பகுதிகள் ஒரு வினையாய் இணைந்துள்ளன. இதற்கு நேரான எடுத்துக்காட்டைக் கொழும்பிலேயே கேட்கலாம். சிங்களத்திற் ‘போதல்’ நிகழ்காலத்தில் ‘யனவா’ என்றும், இறந்தகாலத்திற் ‘கியா’ என்றும் வரும். முன்னதன் மூலம் வேறு, பின்னதன் மூலம் வேறு. வெள்ளவத்தைக் கடைத்தெருவில் நாள்தோறும் இவ்விரண்டையுங் கேட்பவர் அவற்றை இரு வினைகளென ஒருபொழுதும் மயங்குவதில்லை. மிகுதியாக வழங்குஞ் சொற்களே இத்தகைய பழைய கலப்பைக் காத்து நிற்கும். அருகி வழங்குஞ் சொற்கள் பொதுவிதிக்கு விரைவில் அடங்கிவிடும். ‘போ’, ‘வா’, ‘இரு’, ‘தா’ போன்ற அன்றாட வினைகளே பலமொழிகளில் விதிவிலக்காய் நிற்பதற்குக் காரணம் இதுவே.

நிகழ்காலமும் அதன் காரணமும்

நான் போகிறேன் — வாதோ
நீ போகிறாய் — வாயி
அவன், அவள் போகின்றனர் — வா
நாம் போகிறோம் — அந்தியாமோ
நீங்கள் போகிறீர்கள் — அந்தாத்தே
அவர்கள் போகிறார்கள் — வான்னோ

இவ்வாறனுள் நான்கு ‘வா’ என்னும் ஓசையோடும், இரண்டு ‘அந்த்’ என்னும் பகுதியோடுந் தொடங்குகின்றன. ‘வா’ வடிவங்கள் இலத்தீன் மொழியில் ‘செல்லுதல்’ எனப் பொருள்படும் ‘வாதெரே’ என்பதிலிருந்து வந்தவை. ‘அந்த்’ என்பதன் மூலம்பற்றி மொழிநூலார் ஒருமித்த கருத்தினரல்லர். பிரெஞ்சு மொழியில் இதே வினை மூன்று மூலங்களைக் கொண்டு ‘வே’, ‘அலோன்’, ‘இரே’ என வழங்குவதை நோக்கின், இக்கலப்பு இத்தாலியர்க்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

எந்த இடத்தில் எந்தப் பகுதி வரும் என்பதற்கு விதியுண்டு. அது பொருளைப் பற்றியதன்று, ஒலியழுத்தத்தைப் பற்றியது. அழுத்தம் பகுதியின்மேல் விழுமிடத்து ‘வா’ வரும். அழுத்தம் விகுதிப்பக்கம் நகருமிடத்து ‘அந்த்’ வரும். ‘அந்தியாமோ’ என்பதில் ‘யா’ என்னும் அசையும், ‘அந்தாத்தே’ என்பதில் ‘தா’ என்னும் அசையும் எடுத்து ஒலிக்கப்படுதல் காண்க. ‘வெளியே செல்லுதல்’ என்னும் பொருளுடைய ‘ஊஷீரே’ என்பதும் இந்நெறியே பற்றி, ‘எஸ்கோ’ (நான் வெளியேறுகிறேன்), ‘ஊஷியாமோ’ (நாம் வெளியேறுகிறோம்) என வேறுபடும். ‘வேண்டியிருத்தல்’ என்னும் பொருளுடைய வினையும் ‘தேவோ’, ‘தோப்பியாமோ’ எனவரும். ஆகவே ஒழுங்கின்மை எனத் தோன்றியது வேறோர் ஒழுங்கின் விளைவேயாம்.

ஏனைய காலங்கள்

நிகழ்காலத்தை விட்டு நீங்கியவுடன் இடர் பெரிதுங் குறையும். ஏனைய காலங்களில் அழுத்தம் ‘அந்த்’ என்னும் பகுதிக்கு அப்பாலே விழுமாதலின், அங்கெல்லாம் அப்பகுதியே நிலைபெறும். ‘போய்க்கொண்டிருந்தேன், போவது வழக்கமாயிருந்தது’ எனத் தொடர்ச்சியுணர்த்தும் இறந்தகாலம் ‘அந்தாவோ’ என்பது. இதனை அந்த் + ஆ + வ் + ஓ எனப் பிரிக்கலாம்: ‘அந்த்’ பகுதி, ‘ஆ’ சாரியை போல்வது, வகரம் காலங்காட்டும் இடைநிலை, ‘ஓ’ தன்மை ஒருமை விகுதி. முடிந்த செயலைக் கூறும் இறந்தகாலம் ‘அந்தாயி’ (போனேன்), ‘அந்தோ’ (போனான்), ‘அந்தாரொனோ’ (போனார்கள்) என வரும்.

எதிர்காலத்தில் ஒரு விகாரமுண்டு. விதிப்படி ‘அந்தெரோ’ என வரற்பாலது, இடையிலுள்ள உயிர் கெட்டு ‘அந்த்ரோ’ (போவேன்) என நின்றது. தமிழில் ‘போயினான்’ என்பது ‘போனான்’ எனக் குறைந்து வழங்குதலை இதனோடு ஒப்பிடலாம்.

இறந்தகாலத்துக்கு மற்றொரு வடிவமும் உண்டு. ‘இரு’ என்னுந் துணைவினையோடு ‘அந்தாத்தோ’ என்னும் எச்சம் சேர்ந்து ‘சோனோ அந்தாத்தோ’ (நான் போயிருக்கிறேன், போனேன்) என வரும். ஈண்டு எச்சமே பால் காட்டும். சென்றவன் ஆணாயின் ‘அந்தாத்தோ’, பெண்ணாயின் ‘அந்தாத்தா’, ஆடவர் பலராயினும் இருபாலாரும் கலந்தாராயினும் ‘அந்தாத்தி’, பெண்டிர் மட்டுமாயின் ‘அந்தாத்தே’. ‘போனான், போனாள்’ எனப் பால் உணர்ந்து பேசும் தமிழர்க்கு இது புதிதன்று. பலர்பாலினுள்ளும் பெண்டிர்க்குத் தனிவடிவம் இருத்தலே புதிது. வடநாட்டு மிலான் நகரத்தார் பேச்சில் இவ்வடிவமே பெருவழக்கு. சிசிலியாரோ ‘அந்தோ’ போன்ற தனிவினைமுற்றைப் பேச்சிலும் மிகுதியாக ஆள்வர். எனவே பலெர்மோவுக்குச் செல்வோர் இரண்டையும் அறிதல் வேண்டும்.

ஏவலும் வியங்கோளும்

வினை உணர்த்தும் மனநிலை வேறுபடுமிடத்து வடிவமும் வேறுபடும். இணையானவனை ஏவுங்கால் ‘வா’ (போ) என்பர். பலரை ஏவுங்கால் ‘அந்தாத்தே’. தம்மையும் உளப்படுத்தி ‘அந்தியாமோ’ (போவோம்). ஒருவனை விலக்குமிடத்து ‘நோன் அந்தாரே’ (போகாதே) என வினைப்பெயரையே வழங்குவர். மதிப்புக்குரியவரிடம் இவ்வேவல் செல்லாது. அங்கு ‘வாதா’ என்னும் வடிவம் வேண்டும். இது தமிழ் வியங்கோளை ஒத்தது: ‘செல்க’, ‘சென்றருள்க’ என்னும் பொருளது. முதலாளியையோ முதியவரையோ நோக்கி ‘வா’ என்று கூறுதல், தமிழில் ஆசிரியரைப் ‘போ’ என்பது போன்ற பிழையாம். தேர்விற் போன மதிப்பெண்ணை மீட்கலாம். வேலைத்தலத்தில் இழந்த மதிப்பை மீட்டல் அரிது.

அவ்வடிவமே விருப்பத்தையும் ஐயத்தையும் உணர்த்தவும் பயன்படும். ‘அவன் போகவேண்டுமென விரும்புகிறேன்’ என்பதற்கு, ‘வோலியோ கே லூயி வாதா’ என்பர். இதன்கண்ணும் அழுத்தவிதி வழுவாது நிற்கும்: ‘வாதா’ (அவன்), ‘அந்தியாமோ’ (நாம்), ‘அந்தியாத்தே’ (நீங்கள்), ‘வாதனோ’ (அவர்கள்).

நிபந்தனைக் கூற்றில் இரு வடிவங்கள் இணையும். ‘போவேனாயின்’ என்பது ‘சே அந்தாஸ்ஸி’. ‘இயலுமாயின் போவேன்’ என்னும் வாக்கியத்தின் முடிபு ‘அந்த்ரேயி’. எதிர்கால வடிவத்தை அறிந்தவன் விகுதியை மட்டும் மாற்றி இதனைப் பெறுவான்.

‘வருதல்’ வினையோடு தொடர்பு

அந்தாரேயைக் கற்றவர் ‘வருதல்’ எனப் பொருள்படும் ‘வெனீரே’ என்பதையும் உடன் கற்றல் வேண்டும். பேசுவோனிடத்தும் கேட்போனிடத்தும் நிகழும் அசைவுக்கு வெனீரே உரியது. பிறரிடத்து நிகழ்வதற்கு அந்தாரே உரியது. தொல்காப்பியர் வருசொல்லைத் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்சொல்லைப் படர்க்கைக்கும் உரிமையாக்கிய விதியை இது பெரிதும் ஒத்துள்ளது. பலெர்மோவிலிருந்து வெள்ளவத்தையிலுள்ள தாயிடம் ‘அடுத்த ஆண்டு வருவேன்’ என ஒரு மகன் தொலைபேசியிற் கூறுங்கால், இத்தாலியமும் அங்கு ‘வெர்ரோ’ (வருவேன்) என்றே கூறும், ‘அந்த்ரோ’ என்னாது.

கற்குமுறை இவற்றால் தெளிவாகும். ஐம்பதிற்கு மேற்பட்ட வடிவங்களை வாய்பாடாக மனனஞ் செய்தல் வேண்டா. நிகழ்காலத்து ஆறு வடிவங்களையும் அழுத்தவிதியையும் உறுதியாக அறிந்து, அவற்றைக்கொண்டு ஏவலையும் வியங்கோளையும் பெறுதல் முதற்படி. ‘அந்த்’ என்னும் பகுதியோடு இடைநிலைகளையும் விகுதிகளையும் கூட்டி ஏனைய காலங்களைப் பெறுதல் இரண்டாம்படி. துணைவினையோடு பால் இயைபைப் பழகுதல் மூன்றாம்படி. பள்ளியில் ‘அந்தாரே’யும் வீட்டிற் ‘போ’வும் வழங்கும் சிறார்க்கு இவ்வொப்புமை மற்றொரு பயனையுந் தரும்: இத்தாலியத்திற்கு இலக்கணமுண்டு, தமிழுக்கு அஃதில்லை என்னும் எண்ணம் அவரிடத்து வேரூன்றாது. பகுதி, விகுதி, இடைநிலை, விகாரம் எனத் தமிழாசிரியர் கற்பிப்பன தேர்வுத்தாளோடு முடிவனவல்ல. வேற்றுமொழியின் வாயிலில் நிற்பார்க்கு அவையே திறவுகோலாம்.