இழுக்காதீங்க, எண்ணுங்க: பார்க்கின்சன் உள்ளவரை வீட்டில் நடக்க வைப்பது எப்படி?

காலை ஆறரை மணி. படுக்கையறையிலிருந்து பாத்ரூமுக்குப் பத்தடிதான் தூரம். எட்டடி நன்றாக நடந்து வந்த அப்பா, பாத்ரூம் வாசலில் அப்படியே நின்றுவிடுகிறார். பாதம் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி. பின்னால் வரும் மகளுக்கு ஆபீஸ் கேப் வந்துவிடுமே என்ற பதற்றம். "வாங்கப்பா, ஒரு எட்டுதானே" என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். உடம்பு முன்னால் வருகிறது, கால் வரவில்லை. விழுவது பல நேரம் இப்படித்தான்.

பார்க்கின்சன் பாதித்தவர்கள் இருக்கும் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. ‘ஃப்ரீஸிங்’ என்கிறார்கள், அதாவது நடை உறைந்துபோவது. வாசல், குறுகலான இடம், திரும்பும் இடம் என்றால் இன்னும் அதிகமாக வரும். பெரும்பாலும் சில நொடிகளில் விட்டுவிடும். அந்தச் சில நொடிகளில் கூட இருப்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

படியேற முடியுது, தரையில் நடக்க முடியலையா?

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோது, ‘நடுக்குவாதம்’ என்ற பொருள் தரும் பெயரில்தான் எழுதினார். அதனாலோ என்னவோ, இந்த நோய் என்றதும் கை நடுக்கம் மட்டுமே பலருக்கு ஞாபகம் வருகிறது. வீட்டில் அதிகம் படுத்துவது வேறு: அசைவு மெதுவாவதும், உடம்பு விறைப்பதும்.

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறையும்போது, யோசிக்காமல் தானாக நடக்கும் வேலைகள்தான் முதலில் தடுமாறும். நடக்கும்போது யாரும் ‘இப்போ வலது கால், இப்போ இடது கால்’ என்று கணக்குப் போடுவதில்லை. அந்த ஆட்டோமேட்டிக் சிஸ்டத்தில்தான் பழுது. ஆனால் ஒரு கோட்டைப் பார்த்தோ, தாளத்தைக் கேட்டோ, கவனம் வைத்துச் செய்யும் அசைவுக்கு மூளை வேறு பாதையைப் பிடிக்கிறது. அது ஓரளவு நன்றாகவே மிச்சமிருக்கும்.

சமதளத்தில் உறைந்து நிற்கும் ஒருவர் மாடிப்படியில் கடகடவென ஏறுவது இதனால்தான். ஒவ்வொரு படியும் ‘இங்கே காலை வை’ என்று சொல்லும் குறி. 2010-ல் நெதர்லாந்து நரம்பியல் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு வீடியோ மருத்துவ உலகில் ரொம்பப் பிரபலம். சில எட்டுகூட ஒழுங்காக நடக்க முடியாத 58 வயது நபர், அதில் சைக்கிளை ஜோராக ஓட்டிப் போகிறார். இது தெரியாத வீட்டில் "வேணும்னே பண்றார்" என்ற பேச்சு வரும். நியாயமே இல்லாத குற்றச்சாட்டு.

அந்த நொடியில் என்ன செய்யலாம்?

முதலில் நில்லுங்கள். அவரையும் நிற்கச் சொல்லுங்கள். "சீக்கிரம்" என்ற வார்த்தை வேண்டாம், அவசரப்படுத்தினால் கால் இன்னும் இறுகும். ஒரு மூச்சு விட்டு, நிமிர்ந்து நின்று, உடல் எடையை இடமும் வலமும் மாற்றட்டும். பிறகு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நீங்கள் எண்ண, மூன்றில் பெரிய எட்டாக வைக்கட்டும். உங்கள் இடம் அவருக்குப் பக்கத்தில், சற்றே பின்னால். முன்னால் நின்று இரு கையையும் பிடித்து இழுப்பது அன்பாகத் தெரியும், ஆனால் ஆபத்து.

அடிக்கடி உறையும் இடம் எது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கே தரையோடு ஒட்டும் கலர் டேப்பைக் குறுக்கே வரிவரியாக ஒட்டலாம். இடைவெளி, அவர் நன்றாக நடக்கும்போது வைக்கும் ஓர் எட்டு அளவு. தரையின் நிறத்திலிருந்து டேப் பளிச்சென்று தெரிய வேண்டும். கோட்டை மிதிக்காமல் தாண்டச் சொல்லுங்கள். கோடு ஒத்துவராதவருக்குத் தாளம் ஒத்துவரலாம். போனில் மெட்ரோனோம் ஆப் இருக்கிறது. அது போரடித்தால், சீரான தாளமுள்ள அவருக்குப் பிடித்த பழைய பாட்டு போதும்.

திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல், ‘யு’ வடிவில் சுற்றித் திரும்பட்டும். நடக்கும்போது கையில் காபி டம்ளரோ காதில் போனோ வேண்டாம். அந்த நேரத்தில் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேள்வி கேட்பதும் வேண்டாம், பதில் யோசிக்கப் போன கவனம் காலிலிருந்து போய்விடும். மிதியடியைச் சுருட்டி வையுங்கள்.

தாழ்வான சோபாவிலிருந்து எழுவது தனிப் போராட்டம். நுனிக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழச் சொல்லுங்கள். எழுந்ததும் தலைசுற்றுகிறது என்றால் உடனே உட்கார வைத்து, டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் இறங்குவது இந்த நோயில் சகஜம்.

"காலையில நல்லாத்தானே நடந்தீங்க?"

லெவோடோபா மாத்திரை வேலை செய்யத் தொடங்கப் பலருக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதன் வேகம் குறையும்போது உடம்பு மறுபடி இறுகும். பத்து மணிக்குத் தானே சட்டை பட்டன் போட்டவர், ஒரு மணிக்குக் கரண்டி பிடிக்கத் திணறுவது இதனால்தான். அது சோம்பேறித்தனமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. உடற்பயிற்சியை மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வையுங்கள். கஷ்டப்படும் நேரத்தில் பயிற்சி என்றால் இருவருக்கும் சண்டைதான் மிஞ்சும்.

பயிற்சியில் ஒரே ஒரு வார்த்தை: ‘பெரிசா’. இந்த நோயில் அசைவு சுருங்கிக்கொண்டே போகும். சுருங்குவது அவருக்கே தெரியாது. அதனால் வேண்டுமென்றே கையை அகல வீசி, எட்டைப் பெரிதாக வைத்துப் பழக்குகிறார்கள். ‘எல்எஸ்விடி பிக்’ என்ற பயிற்சி முழுக்க இந்த அடிப்படையில் அமைந்தது: வாரம் 4 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 4 வாரம். பழகிய தெரபிஸ்ட் ஒருவர் முதலில் சொல்லித் தர வேண்டும். வீட்டில் தினமும் தொடர்வது குடும்பத்தின் பங்கு.

தெரபிஸ்டிடம் போகும் முன் ஒரு வேலை. அவர் சம்மதித்தால், வீட்டில் உறைந்து நிற்பதைப் போனில் ஒரு நிமிட வீடியோவாக எடுத்து, கடைசி மாத்திரை போட்ட நேரத்தையும் குறித்து வையுங்கள். ஏனென்றால் கிளினிக்குக்குள் நுழைந்ததும் அப்பா பெரும்பாலும் ஜம்மென்று நடந்துவிடுவார்.