சிறகைக் கத்தரித்தது யார்?

இந்தோனேசியா ஒரே நிலப்பரப்பல்ல. 17,000-க்கும் மேற்பட்ட தீவுகளின் கூட்டம். கப்பலேறினால் நாள்கணக்கில் பயணம். பெரிய ஜெட் விமானம் இறங்கவோ பல தீவுகளில் நீண்ட ஓடுபாதை கிடையாது. குறுகிய பாதையில் இறங்கி, குறைந்த எரிபொருளில் பறக்கும் இரட்டை எஞ்சின் டர்போபிராப் விமானமே அந்நாட்டுக்கு ஏற்றது.

அதை நாமே செய்வோம் என்றார் ஹபிபி, ஜெர்மனியிலே விமானத்தொழில் பயின்று திரும்பியவர். 1976-ல் பாண்டுங் நகரிலே ஆலை எழுந்தது. முதலில், ஸ்பெயின் நாட்டுக் காசா கம்பெனியின் விமானத்தை உரிமம் பெற்றுக் கட்டினர். அடுத்து, அதே கம்பெனியோடு சரிபாதிப் பங்காளியாகி சி.என்.235 விமானத்தை உருவாக்கினர். 1983-ல் அது பறந்தது. ஆளும் ஏற்றலாம், பின்கதவு வழியே சரக்கும் ஏற்றலாம். மூன்றாவதாக, தாமே வரைந்த என்-250. ஐம்பது பேருக்கு மேல் அமரலாம். 1995 ஆகஸ்டு 10-ல் விண்ணேறிய அதன் முதல் விமானத்துக்குப் பெயர் கடோத்கஜன்!

புராணத்துக் கடோத்கஜன் மாயத்தால் பறந்தானாம். பாண்டுங் கடோத்கஜன் பறந்தது மாயத்தாலா? இல்லை, பாட்டாளியின் கைத்திறனால்!

பிறகு வந்தது 1997-ன் பணநெருக்கடி. ரூபியா சரிந்தது. 1998 ஜனவரி 15-ல், சர்வதேச நாணய நிதியத்தின் தலைவர் கைகட்டி நின்று பார்த்திருக்க, அதிபர் சுகார்த்தோ குனிந்து கையெழுத்திட்டார். நிபந்தனைகளில் ஒன்று, விமானத் திட்டத்துக்கு இனி அரசுப் பணம் கூடாது என்பது! பயணிகளை ஏற்றுவதற்கான தகுதிச் சான்று பெறுமுன்பே என்-250 முடங்கியது.

கடன் கொடுத்தவன் மட்டுமா குற்றவாளி? காடு வளர்க்கச் சேர்த்த நிதியை 1994-ல் இந்த விமானத்துக்குத் திருப்பிவிட்டவர் அதே சுகார்த்தோ. ஏனென்று தட்டிக்கேட்கும் துணிவு அங்கிருந்த மன்றத்துக்கு இருந்ததா? மக்களைக் கேளாமல் எடுத்த பணம், மக்களைக் கேளாமலே நிறுத்தப்பட்டது!

தண்டனையோ தொழிலாளிக்கு. 2003-ல் ஆயிரக்கணக்கானோர் அந்த ஆலையிலே வேலையிழந்தனர். கடோத்கஜன் 2020-ல் யோக்யகர்த்தா அருங்காட்சியகம் சேர்ந்தான்.

ஆனால் கற்ற தொழில் அழியவில்லை. பங்காளியோடு உருவாக்கிய சி.என்.235 பல நாடுகளின் வானிலே பறக்கிறது. அதை முடுக்கிய கரங்களைப் போற்றுவோம். அந்தக் கரங்களுக்கு வேலை வேண்டும். தம் உழைப்பின் கணக்கைக் கேட்கும் உரிமையும் வேண்டும் என்போம்!