ஊதா, பச்சை, நடுவில் ஒரு துபாஷி

பழைய கம்ப்யூட்டர் போய் லேப்டாப் வந்த வீட்டில் கீபோர்டு மட்டும் மிஞ்சிவிடும். விரலுக்குப் பழகியது, தூக்கிப்போட மனசு வராது. ஆனால் அதன் ஒயர் நுனியில் இருப்பது ஊதா நிற வட்ட பிளக். 1987-ல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்த வடிவம் அது. ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு என்ற நிறப் பிரிவினை பின்னால் வந்தது. லேப்டாப்பிலோ யூஎஸ்பி மட்டும்தான். கடையில் கேட்டால் கட்டைவிரல் அளவு அடாப்டர் ஒன்றைத் தருவார்கள். செருகினால் பல நேரம் ஒரு விளக்கும் எரியாது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. அந்த அடாப்டருக்குள் சிப் எதுவும் கிடையாது. நான்கு கம்பிகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகின்றன, அவ்வளவுதான். யூஎஸ்பி பரவத் தொடங்கிய காலத்தில் பிஎஸ்/2, யூஎஸ்பி என இரண்டு பாஷையும் தெரிந்த கீபோர்டுகளும் மவுஸ்களும் வந்தன. அவற்றுக்கென்று செய்த பொருள் இது. பிஎஸ்/2 மட்டுமே தெரிந்த கீபோர்டுக்கு வேண்டியது ஒரு துபாஷி. சிப் வைத்த கன்வெர்ட்டர்தான் அந்த வேலையைச் செய்யும்; பெரும்பாலும் ஒரு யூஎஸ்பி வாலும், ஊதா பச்சை என இரண்டு குழிகளுமாக இருக்கும்.

அப்படி என்ன பாஷை? கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணைத்தான் அனுப்புகிறது. ஆங்கில 'ஏ' பட்டனையே எடுத்துக்கொள்வோம். 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் கீபோர்டில் அதற்கு எண் 30. பிஎஸ்/2 கீபோர்டு வழக்கமாக அனுப்புவது 28. யூஎஸ்பியில் 4. ஆப்பிள் 1986-ல் கொண்டுவந்து, 1998 ஐமேக்கில் கைவிட்ட ஏடிபி இணைப்பில் வெறும் பூஜ்யம்! விரலை எடுத்ததையும் சொல்லியாக வேண்டும்: பழைய பிசி 128 கூட்டி 158 என்று அனுப்பும்; பிஎஸ்/2 முதலில் 240, பிறகு 28 என்று இரண்டு தவணையாகச் சொல்லும். இதையெல்லாம் நொடியில் மாற்றிச் சொல்வதுதான் கன்வெர்ட்டரின் பிழைப்பு.

மவுஸ் கதை இன்னும் வேடிக்கை. அமிகா, அட்டாரி எஸ்டி என்ற பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டிலும் மவுஸ் பிளக் அச்சு அசலாக ஒன்றுபோலவே ஒன்பது பின். உள்ளே கம்பி வரிசைதான் வேறு. ஒன்றின் மவுஸை மற்றதில் செருகினால் அம்புக்குறி தாறுமாறாக ஓடும். இந்தப் பழங்கம்ப்யூட்டர்களில் இன்றைய மவுஸை மாட்ட விற்கும் அடாப்டர்கள் சிலவற்றில் ஒரு குட்டி ஜம்பர் இருக்கிறது. எந்த கம்ப்யூட்டரோ அதற்கேற்ப அதை மாற்றி வைக்க வேண்டும்.

கீபோர்டு பிரியர்கள் இதோடு விடுவதில்லை. ஐபிஎம்மின் புகழ்பெற்ற மாடல் எம்மில் 101 பட்டன்கள். விண்டோஸ் பட்டன் கிடையாது. அதனால் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றை வாங்கி, அதில் இலவசமாகக் கிடைக்கும் நிரலை ஏற்றித் தாங்களே கன்வெர்ட்டர் செய்துகொள்கிறார்கள். யாருக்கும் பெரிதாகப் பயன்படாத கேப்ஸ் லாக்கை விண்டோஸ் பட்டனாக்கிவிடலாம். விண்டோஸ் பட்டன் உள்ள கீபோர்டை மேக்கில் மாட்டுபவருக்கு வேறு தொல்லை: அந்த பட்டன் கமாண்டாகவும் ஆல்ட் ஆப்ஷனாகவும் வேலை செய்யும், இடம் மட்டும் தலைகீழ். மேக்கின் செட்டிங்ஸிலேயே மாற்றலாம். ஆனால் அது அந்த ஒரு மேக்கோடு சரி. கன்வெர்ட்டருக்குள்ளேயே மாற்றி எழுதிவிட்டால் எங்கே செருகினாலும் கூடவே வரும். ஒரு எச்சரிக்கை: யூஎஸ்பியைப் போல, ஓடுகிற கம்ப்யூட்டரில் பிஎஸ்/2 பிளக்கைப் பிடுங்கிச் செருகக் கூடாது, அந்த இணைப்பு அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

தமிழ் தட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்99 தட்டச்சு முறையில் ஆங்கில 'ஏ' பட்டனைத் தட்டினால் 'அ' விழுகிறது. கன்வெர்ட்டர் அப்போதும் அனுப்புவது அதே 4-ஐத்தான். அதை 'அ' ஆக்குவது கம்ப்யூட்டர். பழைய கீபோர்டைப் புது லேப்டாப்புக்குக் கொண்டுபோனாலும், தமிழ்99-ஐ அங்கே புதிதாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.