காகிதத்தைச் சுடும் துப்பாக்கி

வெலிங்டன் தீவில் இரும்புக்கு ஆயுள் குறைவு. சென்னை மாகாண ஆளுநராக இருந்த வெலிங்டன் பிரபு 1920-இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளரைக் கொச்சிக்கு அனுப்பினார். கப்பல்கள் உள்ளே வருவதற்காகக் காயலைத் தோண்டினார்கள். அள்ளிய சேற்றையும் மணலையும் பழைய வெண்டுருத்தித் தீவை ஒட்டிக் கொட்டினார்கள். அப்படி எழுந்த நிலத்துக்கு, பிறகு வைஸ்ராயாகவும் ஆன அந்த ஆளுநரின் பெயரே நிலைத்துவிட்டது. மட்டாஞ்சேரி வார்ஃப், எர்ணாகுளம் வார்ஃப், கடற்படைத் தளம், கிடங்குகள், தண்டவாளங்கள் என்று அங்கே பார்க்கும் இடமெல்லாம் இரும்புதான். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் உப்புநீர்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நேரம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று உலோகத்தின் மேல் படியும். காற்றில் மிதந்து வரும் உப்புத்துகள் அதில் கரைந்ததும், அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். துரு என்பது ஒரு மின்வேதி வினை என்பதால், அதற்கு வேண்டியதெல்லாம் அங்கே தயாராகிவிடுகிறது. இடவப்பாதி மழைக்கு முன் பரணில் போட்ட ஓர் ஏர் ரைஃபிளை ஓணத்துக்கு எடுத்துப் பார்த்தால் குழல் செம்பழுப்பாகியிருக்கும்.

ஆகவே இந்தத் தீவில் ஏர் ரைஃபிள் வாங்குகிறவர் கூடவே எண்ணெய்த் துணியும் வாங்க வேண்டும். சுட்டு முடித்ததும் கை பட்ட இடங்களையெல்லாம் துடைக்க வேண்டும். வியர்வையும் உப்புநீர்தான். கன்வாஸ் உறைக்குள் மூடி வைக்கக் கூடாது. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவ்வளவு பாடுபட்டு ஏன் வைத்திருக்க வேண்டும் என்றால், என் பதில் இதுதான்: சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பொருட்களில், இத்தனை இயற்பியலை ஒரே ஒரு விசை இழுப்புக்குள் வைத்திருக்கும் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

மெரினா கடற்கரையில் பலூன் சுட்டவர்களுக்கு இந்தத் துப்பாக்கி புதிதல்ல. கடைக்காரர் குழலின் முனையைப் பிடித்து ஒரே வீச்சில் கீழே மடக்குவார். பின்பக்கத் துளையில் ஒரு சின்ன ஈய ரவையை வைப்பார். குழலை நிமிர்த்திக் கையில் கொடுப்பார். அந்த மடக்கலில்தான் எல்லாம் நடக்கிறது. குழலே நெம்புகோலாகி, கட்டைக்கு மேலே உள்ள உருளைக்குள் கனமான சுருள்வில்லை அழுத்துகிறது. வில்லோடு சேர்ந்து பிஸ்டனும் பின்னால் போய், விசையின் கொக்கியில் மாட்டி நிற்கிறது. உள்ளே அடைத்து வைத்த காற்று எதுவும் கிடையாது. காத்திருப்பது வில் மட்டுமே.

விசையை இழுத்ததும் கொக்கி விடுபட்டு, பிஸ்டன் முன்னே பாய்கிறது. எதிரே இருக்கும் காற்றுக்குத் தப்பிக்க வழியில்லை. குழலின் வாயை ரவை அடைத்துக்கொண்டிருக்கிறது. கடைசி சில மில்லிமீட்டரில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல எழுபது, நூறு மடங்கு என்று ஏறுகிறது. அப்போதுதான் ரவை நகரவே தொடங்கும். ரவையின் இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடையாக விரிந்திருக்கும். அழுத்தம் அந்த மெல்லிய ஈயப் பாவாடையைக் குழலின் சுவரோடு ஒட்ட வைக்கும். உள்ளே வெட்டியிருக்கும் திருகுப் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு ரவை சுழன்றபடி வெளியே வரும். விசை இழுபடுவதற்கும் ரவை குழலைத் தாண்டுவதற்கும் நடுவே போவது நூறில் ஒரு நொடியைச் சற்றே மிஞ்சிய நேரம்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் உணர்ந்திருப்போம். வெப்பம் வெளியேற நேரம் கொடுக்காமல் காற்றை நெருக்கினால் அது சூடாகத்தான் செய்யும். 30 டிகிரி செல்சியஸ் காற்றை எழுபது மடங்கு அழுத்தத்துக்கு இப்படி நொடிப்பொழுதில் நெருக்கினால், ஏட்டுக் கணக்குப்படி அது 700 டிகிரியைத் தாண்டும். டீசல் எரிபொருள் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்வது இதே தத்துவத்தால்தான். ஏர் ரைஃபிளின் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் எண்ணெய் மட்டும் அதற்கு விதிவிலக்கா?

பிரிட்டனில் கார்டியூ என்ற தந்தையும் மகனும் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு ரைஃபிளைச் சாதாரணக் காற்றில் சுட்டு வேகத்தை அளந்தார்கள். பிறகு எதையும் எரியவிடாத நைட்ரஜன் வாயுவுக்குள் அதே ரைஃபிளைச் சுட்டார்கள். வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. வில்லின் வேலை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்ததில் ஒரு பகுதியை, ஒவ்வொரு முறையும் உள்ளே நிகழும் ஒரு குட்டித் தீ செய்துகொண்டிருந்தது! இவ்வளவு எளிய சோதனைக்கு இதைவிட நல்ல பலன் கிடைப்பது அரிது.

இதில் வாங்குகிறவருக்கு நேரடியான எச்சரிக்கையும் உண்டு. துருவுக்குப் பயந்து குழலின் பின்துளை வழியாகக் கண்ட எண்ணெயையும் ஊற்றக் கூடாது. அது உள்ளே வெடிக்கும். புகையும் பெரும் சத்தமுமாக வரும். பிஸ்டனின் வாஷரைக் கருக்கி, வில்லை உடைக்கும். எண்ணெய் பூச வேண்டியது வெளிப்புறத்துக்கு. ரவை போடாமல் சுடுவதும் இதே அளவு கெடுதல். முன்னால் அடைப்பு இல்லாதபோது பிஸ்டனைத் தாங்கும் காற்று மெத்தை உருவாவதில்லை. அது நேராக இரும்புச் சுவரில் போய் மோதும். அதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. குழல் மடங்கிய நிலையில் தவறுதலாக விசையை இழுத்தால், குழல் மின்னல் வேகத்தில் நிமிர்ந்து அடிக்கும். விரல் அகப்பட்டால் அவ்வளவுதான். ரவை வைக்கும்போது ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான்.

நம் சட்டம் இந்தத் துப்பாக்கியை அதன் ஆற்றலைக் கொண்டு எடைபோடுகிறது. 2016-இல் வந்த ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், வெளிவரும் ரவையின் ஆற்றல் 20 ஜூலுக்குக் குறைவாகவும் இருந்தால் உரிமம் வேண்டாம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டி வாங்கலாம். 5.5 மில்லிமீட்டர் குழல் என்றால் உரிமம் கட்டாயம். அகமதாபாத்தின் நேஷனல் ரைஃபிள்ஸ், தாணேயின் பிரிசிஹோல் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் இந்த வரம்புக்குள் துப்பாக்கிகளைச் செய்கின்றன. இதில் பிரிசிஹோலின் பூர்வீகத் தொழில் இரும்பில் ஆழமான நேர்த்துளை போடும் எந்திரங்களைச் செய்வது. நல்ல குழல் என்பதே ஒரு நல்ல துளைதானே.

20 ஜூல் என்பது எவ்வளவு? அரை கிராம் ரவைக்கு அது நொடிக்கு 283 மீட்டர் வேகம். மனிதத் தோலைத் துளைக்க 4.5 மில்லிமீட்டர் ரவைக்கு நொடிக்கு சுமார் 100 மீட்டர் போதும் என்பது தடயவியல் மருத்துவம் சொல்லும் கணக்கு. கண்ணுக்கு அதைவிட மிகக் குறைவே போதும். உரிமம் வேண்டாம் என்பதாலேயே இது பொம்மை ஆகிவிடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் பூட்டி வைக்காதவர் வைத்திருக்கவே தகுதியற்றவர் என்பேன்.

பறவைகளின் கதை இங்கேதான் வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பம்பாயில் பத்து வயதையொட்டிய ஒரு சிறுவனுக்கு அவனுடைய மாமா அமிருத்தீன் தியாப்ஜி ஒரு டெய்சி ஏர் கன் கொடுத்தார். அவன் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன பறவை என்று கேட்டுப் போனவனை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்ட் உட்காரவைத்து, கழகத்தின் பறவைத் தொகுப்பைத் திறந்து காட்டினார். அந்தச் சிறுவன்தான் சாலிம் அலி. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தவர் அவரே. இன்று கேரளப் பறவைகளைப் பற்றி எழுதப்படும் எதற்கும் அந்தக் கணக்கெடுப்புதான் அடித்தளம்.

இந்தக் கதையைக் காட்டி ஏர் கன்னுக்கு நற்சான்று தருகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குருவியிலிருந்து அறிவு பிறந்தது மில்லார்டின் பொறுமையால், ரவையால் அல்ல. அன்று பறவையைக் கையில் எடுத்துப் பார்க்க வேறு வழி அரிது. இன்று தொலைநோக்கியும் கேமராவும் இருக்கின்றன. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. கொச்சி மங்களவனத்தின் கொக்கையோ காயல் மேல் வட்டமிடும் செம்பருந்தையோ நோக்கிக் குழலைத் திருப்புவது குற்றம்; சட்டம் இல்லாவிட்டாலும் குற்றம்தான்.

ஒரு ரவை சிறியது, ஆனால் ஓராயிரம் வீடுகளில் இருந்தால் காடு வெறிச்சோடிவிடும் என்பதை அருணாசலப் பிரதேசம் உணர்ந்தது. 2021 மார்ச்சில் அங்கே ஏர் கன்களை ஒப்படைக்கும் இயக்கத்தை அரசு தொடங்கியது. கிராமம் கிராமமாக மக்கள் தாங்களே கொண்டுவந்து கொடுத்தவை இரண்டாயிரத்துக்கும் மேல். கேரளத்தின் கதை வேறு. 2022 செப்டம்பரில் காசர்கோடு மாவட்டத்தில், தெருநாய்களுக்குப் பயந்த பிள்ளைகளை ஏர் கன்னோடு முன்னால் நடந்து அழைத்துச் செல்லும் ஒருவரின் காணொளி பரவியது. காவல்துறை வழக்குப் பதிந்தது. பிள்ளைகளைப் பெற்றவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 4.5 மில்லிமீட்டர் ரவை ஒரு நாயை நிறுத்தாது. வலியால் வெறிகொள்ள வைக்கும். அந்த வேலைக்கு இந்தக் கருவி எந்த வகையிலும் ஆகாது.

இது ஆகும் வேலை ஒன்று உண்டு: பத்து மீட்டருக்கு அப்பால் ஒரு காகிதம். அதில்தான் இந்த மலிவுத் துப்பாக்கி ஒலிம்பிக் ரைஃபிளைவிடக் கண்டிப்பான ஆசிரியர் ஆகிறது. கால் கிலோவை ஒட்டிய எடையுள்ள பிஸ்டன் முன்னே பாயும்போது, துப்பாக்கி பின்னே உதைக்கிறது. பிஸ்டன் காற்று மெத்தையில் முட்டி நின்றதும், துப்பாக்கி முன்னே இழுக்கிறது. இந்த இரண்டு உதைப்பும் சேர்ந்து முடிவதற்குள்தான் ரவை குழலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. வெடிமருந்துத் துப்பாக்கியின் பின் உதைப்பை மட்டும் தாங்கும்படி செய்த குறிபார்க்கும் தொலைநோக்கிகள் ஏர் ரைஃபிளில் உடைந்துபோவது இந்த முன் இழுப்பால். கையில் வரும் விளைவு இன்னும் நுட்பமானது. இறுக்கிப் பிடித்தால் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் துள்ளும், ரவைகள் சிதறும். திறந்த உள்ளங்கையில் கட்டையைச் சும்மா கிடத்தி, அதன் போக்கில் துள்ளவிட்டால் எல்லாத் துள்ளலும் ஒரே மாதிரி இருக்கும். ரவைகள் ஒரே இடத்தில் கூடும். அடக்க நினைத்தால் தவறும், விட்டுக்கொடுத்தால் சேரும்.

இந்தத் துள்ளலைப் போக்க ஜெர்மனியின் டயானா நிறுவனம் 1960-களில் அழகான வழி ஒன்றைக் கையாண்டது. எதிரெதிராகப் பாயும் இரண்டு பிஸ்டன்களை ஒரே உருளையில் வைத்தது. ஒன்றின் உதைப்பை மற்றொன்று சரிக்கட்டிவிடும். கிஸ் என்பவரின் பெயரால் அறியப்படும் இந்த அமைப்போடு, குழல் மடக்கும் ரைஃபிள்களே அந்நாளில் போட்டிகளில் நின்றன. 1984-இல் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பிற்பாடு சுருள்வில் போய், முன்கூட்டியே நிரப்பிய காற்றுக் கலன் வந்தது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அந்தத் தலைமுறை ரைஃபிளால். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அதே பிரிவில்தான். அவர்கள் குறிவைக்கும் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அவர்களுடைய ரைஃபிளில் உதைப்பு இல்லை, நம்முடையதில் உண்டு. பத்து மீட்டர் தூரம் மட்டும் இருவருக்கும் ஒன்றே.

வெலிங்டன் தீவில் எங்கே சுடுவது? வெட்டவெளியில் கூடவே கூடாது. பாதித் தீவு கடற்படைக்கும் துறைமுகத்துக்கும் உரிய பாதுகாப்புப் பகுதி. ரவை சில நூறு மீட்டர் போகும். தண்ணீரில் பட்டால் தெறித்துத் திசைமாறும். காயலிலோ எப்போதும் படகு உண்டு. பத்து மீட்டர் நீளமும் உறுதியான சுவரும் உள்ள மூடிய இடமாக இருக்க வேண்டும். காகிதத்துக்குப் பின்னால் மணல் நிரப்பிய பெட்டியை வைத்தால் ரவை அதில் புதைந்துவிடும், திரும்பித் தெறிக்காது. கண்ணாடி அணிய வேண்டும். ரவை ஈயம் என்பதால், முடித்ததும் கையைக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு, 2015 தேசிய விளையாட்டுகளுக்காகக் கட்டிய வட்டியூர்க்காவு சுடுதளம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

ஐந்து ஐந்து ரவையாகச் சுட்டு, காகிதத்தைக் கழற்றிப் பாருங்கள். ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் மூச்சைக் கவனியுங்கள்; ஒவ்வொரு முறையும் மூச்சின் ஒரே கட்டத்தில் நீங்கள் சுடவில்லை. பக்கவாட்டில் பரவியிருந்தால் விரல் விசையை நேராகப் பின்னுக்கு இழுக்கவில்லை, அல்லது பிடி இறுகியிருக்கிறது. நேற்றுவரை கூடி விழுந்தவை இன்று காரணமே இல்லாமல் சிதறினால், உங்களை நொந்துகொள்ளும் முன் ஒரு திருப்புளியை எடுத்துக் கட்டையின் திருகாணிகளை முடுக்குங்கள். அந்த இரட்டை உதைப்பு அவற்றைத் தளர்த்திவிட்டிருக்கும்.