ட்ரான்ஸ்பர் பெட்டியின் லீவரை மாற்றுதல்

பெரும்போக மழை தொடங்கியதும் நெளுக்குளம் போன்ற இடங்களில் வயற்பாதைகள் சேறாகிவிடும். அக்காலத்தில் விதைநெல்லையும் பசளையையும் வயலுக்கு ஏற்றவும், மரக்கறிகளை வவுனியாச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும் நாற்சில்லு இயக்க வண்டி பெரிதும் பயன்படும். அதன் ட்ரான்ஸ்பர் பெட்டியை இயக்கும் லீவர் பழுதுபடின், சேற்றில் வண்டி நிற்பதோடு உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

பெட்டியின் வேலை

கியர்ப்பெட்டியிலிருந்து வரும் வலுவை முன்சில்லுகளுக்கும் பின்சில்லுகளுக்கும் பகிர்ந்து கொடுப்பதே இப்பெட்டியின் வேலையாகும். 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்ரர்டாமில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டதும், கமத்தொழிலுக்கும் உதவுமாறு ஆக்கப்பட்டதுமான லாண்ட் றோவரை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் பழைய வகைகளில் மஞ்சட் குமிழை அழுத்தினால் முன்சில்லுகள் இயங்கும்; சிவப்புக் குமிழுள்ள லீவர் வேகங்குறைந்த, வலுமிக்க நிலையைத் தரும். இந்நிலைக்கு மாற்றும்போது வண்டியை நிறுத்தியே மாற்றுதல் வேண்டும்.

இறுக்கம் வேறு, தேய்மானம் வேறு

வண்டி திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடக் கூடிய தூரம் ஓடும். சேற்றில் சில்லு வழுக்கி அவ்வேறுபாடு தீரும்; தார் வீதியில் தீராது. ஆகவே தண்டுகள் முறுக்கேறி, பற்கள் இறுகி, லீவர் அசையாது நிற்கும். இது பழுதன்று. வண்டியை நேராகச் சிறிது பின்னே செலுத்தினால் இறுக்கம் தளரும். லீவரைச் சுத்தியலால் அடிப்பதனாலேயே பல கம்பிகள் வளைகின்றன.

லீவர் தளர்ந்து ஆடுதல், முழுதும் தள்ளியும் கியர் விழாமை, ஓடும்போது தானே கழலுதல் ஆகியன தேய்மானத்தின் அறிகுறிகள்.

மாற்றும் முறை

1. சமதரையில் வண்டியை நிறுத்தி, சில்லுகளின் இருபுறமும் கட்டை வையுங்கள். பற்றரி வயரைக் கழற்றுங்கள்.

2. தளத்தகட்டையும் றப்பர் உறையையும் நீக்கி, கழற்றுமுன் இணைப்புக் கம்பியின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

3. பூட்டாணிகளை நீக்கி லீவரையும் கம்பியையும் எடுங்கள். தேய்ந்த புஷ்களையும் ஆணிகளையும் சேர்த்தே மாற்றுங்கள். லீவரை மட்டும் மாற்றினால் ஆட்டம் நீங்காது.

4. பெட்டியிலுள்ள கையை ஒரு நிலையில் முழுதாக விழச்செய்து, லீவரையும் அதே நிலையில் வைத்து, ஆணி வருத்தமின்றி நுழையும்வரை கம்பியின் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

5. புதிய பூட்டாணியிட்டுக் கிறீஸ் பூசுங்கள். எந்த நிலையிலும் லீவர் தளத்துவாரத்தின் விளிம்பில் முட்டலாகாது. முட்டினால் கியர் பாதியளவே விழும்.

பின்னர் இளகிய மண்ணில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கழன்றால், குறை பெட்டியினுள்ளே விற்சுருளிலோ கவரிலோ இருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை

ட்ரான்ஸ்பர் பெட்டி நியூற்றலுக்கு வந்துவிட்டால், முதலாம் கியரில் விட்ட வண்டியும் தடையின்றி உருளும். குளக்கட்டுச் சரிவில் பாரத்துடன் நிற்கும் வண்டிக்குக் கீழே ஆட்கள் வேலைசெய்யக்கூடும். ஆதலால் கைத்தடையை இழுத்து, சில்லுக்குக் கட்டையும் வையுங்கள். கியரை மட்டும் நம்பி வண்டியை விட்டுச் செல்லவேண்டாம்.

சிறுபோக அறுவடை முடிந்து மழை தொடங்குமுன் உள்ள நாட்களே இவ்வேலைக்கு ஏற்ற காலமாகும்.