கணவாய்த் தூண்டில்: இழுப்பும் இறக்கமும்

இராமேஸ்வரம், மண்டபம் கடலோரத்தில் கிடைக்கும் கணவாய்களில் தூண்டிலுக்கு நன்கு வசப்படுவது, உடலின் இரு பக்கமும் நீளவாக்கில் அகன்ற துடுப்பு ஓடும் ஊசிக்கணவாய். செப்பியோடியூத்திஸ் லெசோனியானா என்பது இதன் அறிவியல் பெயர். பாக் விரிகுடாவின் கடற்புல் திட்டுகளிலும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை ஓரங்களிலும் இது இரை தேடுகிறது.

இதைப் பிடிக்க ஏற்ற தூண்டில், இறால் வடிவிலான பொய்யிரை. ஜப்பானில் உருவான இந்த அமைப்பில் தலைக்கு அடியில் ஈயம் இருக்கும். வால் முனையில் ஊசிகள் மேல்நோக்கி வளைந்து வட்டமாக நிற்கும். எடை முன்பக்கம் இருப்பதால் நீரில் விட்டதும் தலை தாழ்ந்து, சாய்வாக இறங்கும். நடுத்தர அளவுள்ள பொய்யிரை 1 மீட்டர் இறங்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். எனவே விநாடிகளை எண்ணியே ஆழத்தைக் கணித்து, அடியிலுள்ள புல்லில் சிக்குமுன் நிறுத்திவிடலாம்.

அடுத்து, தூண்டில் நூலான தங்கூசியை வெடுக்கென இரண்டு மூன்று முறை சுண்ட வேண்டும். வெருண்ட இறால் துள்ளுவதுபோல் பொய்யிரை மேலே எழும். இது கணவாயின் கவனத்தை ஈர்க்க மட்டுமே. அது பெரும்பாலும் இரையைப் பற்றுவது, துள்ளல் அடங்கிப் பொய்யிரை மீண்டும் இறங்கும்போதுதான். ஓய்வின்றி இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

இறங்கும்போது தங்கூசி முற்றிலும் தொய்ந்தால், கணவாய் பற்றியது கைக்குத் தெரியாது; விறைப்பாகப் பிடித்தால் இறக்கம் தடைபடும். பொய்யிரையின் எடையை விரல் மெல்ல உணரும் அளவே சரியான இழுவிசை. கணவாய் தன் நீண்ட இரு உணர்கரங்களை நீட்டி இரையைப் பற்றும்; அப்போது தங்கூசி சட்டெனத் தளரலாம், அல்லது கனக்கலாம், அல்லது பக்கவாட்டில் நகரலாம். உடனே ஒருமுறை சுண்டினால் ஊசி பதியும்.

மீன் தூண்டிலில் உள்ள எதிர்முள் இந்த ஊசிகளில் கிடையாது. ஆகவே ஊசி பதிந்தபின் தங்கூசியைத் தளரவிடாமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். உணர்கரம் மட்டும் மாட்டியிருந்தால் முரட்டு இழுப்பில் அது அறுந்துபோகும். நீர்மட்டத்துக்கு வந்ததும் கணவாய் நீரையும் மையையும் பீய்ச்சிவிடும். அது அடங்கியபின் கைவலையால் அள்ளுவது நல்லது.