வால் மடிந்த பூமாக்கள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சதுப்புக் காடுகளில் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த பழுப்பு நிறப் பூமாக்கள் வாழ்கின்றன. 'புளோரிடா பாந்தர்' என்பது அவற்றின் பெயர். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அவற்றைப் பிடித்துப் பரிசோதித்தவர்கள் திகைத்துப் போனார்கள். பல பூமாக்களின் வால் நுனி மடிந்திருந்தது. முதுகின் நடுவே ஒரு மயிர்ச்சுழி. சிலவற்றுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. ஆண் பூமாக்கள் பலவற்றுக்கு விந்தணுக்கள் மிகக் குறைவு.

பலவற்றுக்கும் ஏன் ஒரே மாதிரிக் குறைகள்?

ஒரு காலத்தில் பூமாக்கள் புளோரிடாவிலிருந்து டெக்சாஸ் வரை பரவியிருந்தன. அங்கிருந்து வந்த ஆண் இங்குள்ள பெண்ணோடு சேரும். புதுப்புது மரபணுக்களும் வந்து கலக்கும். பிறகு மனிதர்கள் அவற்றை வேட்டையாடினார்கள், காட்டை அழித்து ஊரும் சாலையும் போட்டார்கள். கடைசியில் புளோரிடாவின் தெற்கு மூலையில் இருபது முப்பது பூமாக்களே மிஞ்சின. வெளியிலிருந்து எதுவும் வர வழியில்லை. உள்ளே எல்லாமே நெருங்கிய சொந்தம்!

நம் உடலில் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டிரண்டாக இருக்கும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் பல நேரம் மற்றது ஈடுகட்டிவிடும். அம்மாவும் அப்பாவும் நெருங்கிய உறவாக இருந்தால், இருவரிடமும் அதே பழுது இருக்கக்கூடும். அப்போது குட்டிக்கு இரண்டுமே பழுதாக வந்து சேரலாம். அதுதான் மடிந்த வாலாகவும் ஓட்டை இதயமாகவும் வெளியே தெரிந்தது. இன்னொரு இழப்பு கண்ணுக்கே தெரியாது. அரிதான ஒரு மரபணு வகையைச் சுமக்கும் பூமா குட்டி போடாமல் செத்தால், அந்த வகையும் அதோடு போய்விடும். காடு சுருங்கும்போது எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை என்பதை நன்றாக நினைவில் வையுங்கள்.

1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் ஐந்து பூமாக்கள் குட்டி போட்டன. அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வால் நேராக இருந்தது! இதயக் குறையும் குறைந்தது, பிழைத்த குட்டிகளும் அதிகம். இன்று புளோரிடாவில் 120 முதல் 230 வரை வளர்ந்த பூமாக்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

இது நல்ல வைத்தியம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவர முடியுமா? பூமாக்கள் தாமாகவே நடந்து போய்க் கலக்க வழி வேண்டும். அங்கே இன்றும் வாகனத்தில் அடிபட்டே நிறையச் சாகின்றன. அதனால் நெடுஞ்சாலைகளுக்கு அடியில் சுரங்கப் பாதைகள் கட்டியிருக்கிறார்கள். 2016இல், பூமாக்கள் மிஞ்சியிருந்த தெற்கு மூலையின் வடக்கு எல்லையான கலூசஹாட்சி ஆற்றைத் தாண்டி ஒரு பெண் பூமா கேமராவில் பதிவானது. 1973க்குப் பிறகு ஆற்றின் அந்தப் பக்கம் உறுதிசெய்யப்பட்ட முதல் பெண் பூமா அதுதான். அடுத்த ஆண்டு அங்கே குட்டிகளையும் பார்த்தார்கள்.